நாலாம் நம்பர் சட்டை

அத்தியாயம் 14

ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பேனாவில் மை இருந்தால் அரை நிமிஷம். டெய்லரம்மாவுக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

மின்சார ஆபீஸில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். மோட்டார் மிஷினுக்குத் தனி லைன் கேட்டு எழுதிக் கொடுத்த மனு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. வீடு கணவர் பேரில் இருக்கிறது, அவரே வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். ஆள் காணாமல் போய் ஏழு வருஷம் ஆகிறது என்று சொன்னாள். அப்படியானால் அதற்கும் ஒரு காகிதம் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். புது மிஷின் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. இவளோ முட்டி வீங்க வீங்கப் பழைய பெடல் மிஷினையே மிதித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காகிதத்துக்கு இன்றைக்கு நாள் குறித்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வக்கீல் ஆபீஸ். என் கணவர் இறந்துவிட்டதாகவே நம்புகிறேன் என்று டெய்லரம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். கூடப் பிறந்தவள் என்ற முறையில் நாத்தனார் சாட்சி போட வேண்டும். மகளும் வர வேண்டும். அதற்கப்புறம் வீடு மகள் பேருக்கு மாறும், லைன் வரும், முட்டிக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

இதற்கு அவளைச் சம்மதிக்க வைத்ததே நாத்தனார்தான். அண்ணன் காணாமல் போன மாசம் அண்ணிக்குத் துணையாக ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒற்றைப் பையோடு வந்தவள். வந்தவள் வந்தவள்தான். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, ஹெம்மிங் எல்லாம் அவள் கை. எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அளவு நோட்டும் அவள் பொறுப்பு. போன ஒரு மாதமாக அவள் பாடியது ஒரே பாட்டு. எத்தனை நாளைக்கு அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பெண்ணுக்காகவாவது ஒரு முடிவுக்கு வாங்க என்று கேட்டுக் கேட்டுக் கரைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு உலகமே தலைகீழாகப் போகிறது என்றாலும் காலை எட்டு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்துத்தானே ஆகவேண்டும். அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையும் துணி வெட்டுகிற மேஜையும் ஒன்றுதான். துணியை எடுத்தால் தட்டு, தட்டை எடுத்தால் துணி. குழம்பில் நூல் கிடப்பதும் தலையணையில் குண்டூசி குத்துவதும் அங்கே யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. ஒன்பது மணிக்கு அடுத்த தெரு டீச்சர் வந்து, போன மாதம் தைத்த கவுன் இடுப்பில் பிடிக்கிறது, உங்கள் டேப் சுருங்கிப் போயிருக்கிறது என்று சண்டைக்கு நின்றாள். டேப் எங்கேயாவது சுருங்குமா? ஆனாலும் டெய்லரம்மா, பிரித்துவிட்டுத் தருகிறேன், மத்தியானம் வாங்க என்று அனுப்பி வைத்தாள்.

பட்டன்காரர் வந்தபோது அவள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் பட்டன் விற்றவர், இப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபேக்டரிக்குச் சீருடை எடுத்துக் கொடுக்கிறார். பெயர் மட்டும் பட்டன்காரர் என்றே நின்றுவிட்டது. ஃபேக்டரி ஆட்களுக்குச் சட்டை ரெடிமேடாக மூன்று சைஸில் வந்துவிடும். அதில் எதுவுமே பொருந்தாத ஆட்கள் சிலர் இருப்பார்கள் அல்லவா, ரொம்ப நெட்டை, ரொம்பக் குண்டு என்று, அவர்களுடைய அளவை மட்டும் சீட்டில் எழுதி இங்கே கொண்டு வந்து கொடுப்பார். சீட்டில் பேர் இருக்காது, நம்பர்தான். இந்தத் தடவை ஆறு பேர். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

துணியையும் சீட்டையும் வாங்கி வைத்தது நாத்தனார். டெய்லரம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதற்குள் அவள் நோட்டில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தாள். பட்டன் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியும் விட்டாள். வழக்கமாகப் போகும்போது என்ன வேண்டும் ஏது வேண்டும் என்று நாலு தடவை கேட்பவள், இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலத்து நினைப்பாக இருக்கும் என்று டெய்லரம்மா விட்டுவிட்டாள்.

நீலத் துணியை விரித்து, சாக்கட்டியைக் கையில் எடுத்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோடு போட ஆரம்பித்தாள். முதல் ஆள் பனைமர உயரம். இரண்டாவது ஆளுக்கு வயிறு ஐம்பது. மூன்றாவது ஆளுக்குக் கழுத்தே இல்லை போலிருக்கிறது.

நாலாவது ஆளிடம் வந்ததும் சாக்கட்டி நின்றுவிட்டது.

செஸ்ட் முப்பத்தெட்டு. ஷோல்டர் இரண்டு பக்கமும் சமம். கை இரண்டும் இருபத்து நாலு. இந்த ஆளுக்கு என்ன கேடு? கடையில் தொங்குகிற நடு சைஸ் சட்டையை எடுத்து மாட்டினால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்குமே. இவனை எதற்காக இந்த லிஸ்ட்டில் சேர்த்தார்கள்?

நம்பர் மாறி எழுதியிருப்பாள் என்று நினைத்துச் சீட்டைத் தேடினாள். நோட்டுக்குள் இல்லை. மேஜைக்கு அடியில் இல்லை. டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். கடைசியில் வெட்டுத்துணி போடும் சாக்கைக் கவிழ்த்தபோது, இரண்டாகக் கிழித்த காகிதம் துண்டுத் துணிகளோடு விழுந்தது. துணியைத் தவிர வேறு எதையும் அந்தச் சாக்கில் போட நாத்தனார் விடமாட்டாள். அதற்காக மகளோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாள்.

இரண்டு துண்டையும் ஒரு வெட்டுத்துணியில் ஒட்டினாற்போல வைத்துக் குண்டூசி குத்திப் படித்தாள்.

நாலு. காலர் பதினைந்தரை. செஸ்ட் முப்பத்தெட்டு. வயிறு நாற்பது. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். கை, இடது இருபத்து நாலு, வலது இருபத்திரண்டே முக்கால்.

டெய்லரம்மா வலது கை அளவின் மேல் விரலை வைத்தாள்.

அந்த அளவுக்கு அவள் ஒரு நாளும் நோட்டைப் பார்த்ததில்லை. பதிமூன்று வருஷம் டேப்பைக்கூட எடுக்காமல் கணவருக்கு வெட்டிய அளவு. சின்ன வயதில் மதிலில் இருந்து விழுந்து வலது கை உடைந்து, கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். அந்தக் கை ஒன்றேகால் இஞ்ச் குட்டையாகவே நின்றுவிட்டது. கடைச்சட்டை போட்டால் வலது பக்கம் உள்ளங்கை வரைக்கும் மூடும், அவர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள். கல்யாணமான புதிதில் அவள் தைத்துக் கொடுத்த முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் நீட்டியபடி ரொம்ப நேரம் நின்றார். இரண்டு கஃப்பும் மணிக்கட்டில் ஒரே இடத்தில் வந்து நின்றன.

அவர் காணாமல் போன பிறகு மூன்று தடவை ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குக்குக் கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் துணியை விலக்கியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைத்தான் பார்த்தாள். மூன்று தடவையும் கை சரியான நீளம் இருந்தது. வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

தோள் ஒன்று இறங்கியவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கை குட்டையானவர்களும் இருப்பார்கள். இரண்டும் சேர்ந்து, அந்தக் காலரோடும் சேர்ந்து, நாத்தனார் மறைக்கப் பார்க்கிற ஆள் ஒருவர்தான்.

திரும்பவும் சீட்டைப் பார்த்தாள். வயிறு நாற்பது என்று இருந்தது. போகும்போது முப்பத்தாறு.

"நல்லாத்தான் சாப்பிட்டிருக்காரு" என்று யாரும் இல்லாத அறையைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. ஏழு வருஷத்தில் இளைத்து இளைத்துத் தன் ரவிக்கையையே அவள் மூன்று தடவை பிடித்துத் தைத்திருக்கிறாள். இவர் பெருத்திருக்கிறார். செத்துப்போனவர் நாலு இஞ்ச் பெருத்திருக்கிறார். அந்த நிமிஷம் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மேஜை மேலிருந்த நீலத் துணி மொத்தத்தையும் நார் நாராகக் கிழித்திருப்பாள். ஆனால் அது பட்டன்காரர் துணி.

நாத்தனார் பட்டன் பொட்டலத்தோடு படியேறி வந்தாள். தரையில் கிடந்த சாக்கைப் பார்த்தாள், குண்டூசி குத்திய சீட்டைப் பார்த்தாள். பொட்டலத்தை மேஜையில் வைக்கக்கூடத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எட்டு மாசம் அண்ணி."

லைனிங் துணி வாங்க அந்தப் பக்கம் போயிருந்தாளாம். ஃபேக்டரி விட்டு ஜனம் கும்பலாக வந்துகொண்டிருந்தது. முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது, அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று திரும்பியவர், திரும்பியிருக்கக் கூடாது என்று அப்புறம்தான் உணர்ந்த மாதிரி முகம் வெளுத்துப்போனாராம். டீக்கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அழுதார். ஏன் போனாய், ஏன் வரவில்லை என்று இவள் சட்டையைப் பிடித்து உலுக்கியதற்கு, நான் செத்துட்டேன்னு சொல்லிடு என்றார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். மறுபடி இரண்டு தடவை போய் நின்றும் கண்ணில் படவில்லை.

டெய்லரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததையும் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாரு அண்ணி. கேட்காம இருப்பாரா."

பொய் சொல்லும்போது நாத்தனார் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கண்ணைச் சுருக்குவாள். இப்போதும் சுருக்கினாள்.

"எட்டு மாசம் என் பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்க" என்றாள் டெய்லரம்மா. "நான் அழுதப்பல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்திருக்க."

"செத்துட்டாருன்னு அழுதா அது என்னைக்காவது ஒரு நாள் தீரும் அண்ணி. இருந்துக்கிட்டே வரலன்னா அந்த அழுகை எப்பத் தீரும்? அதான், இன்னைக்குக் கையெழுத்து முடிஞ்சிட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு நினைச்சேன். காலையில இந்தச் சீட்டு வந்து தொலைச்சிது. பார்த்தா உங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். தோளையும் கையையும் மாத்தி எழுதிட்டேன்."

டெய்லரம்மா நோட்டை இழுத்து அவள் முன்னால் போட்டாள்.

"ரெண்டு கையும் இருபத்து நாலுன்னு எழுதியிருக்க. நானும் அப்படியே வெட்டியிருப்பேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு அவர் மிஷின் முன்னாடி நிப்பாரு. கஃப் தொங்கி உள்ள மாட்டியிருந்தா?"

நாத்தனார் அதை நினைத்தே பார்க்கவில்லை. அவள் முகம் போன போக்கிலேயே அது தெரிந்தது. பட்டன் பொட்டலம் கையில் இருந்து நழுவி வெள்ளைப் பட்டன்கள் அறை முழுக்க ஓடின. அவள் குனிந்து பொறுக்கவில்லை. சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை அடிப்பதா அணைப்பதா என்று டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் கத்தரிக்கோலை எடுத்தாள்.

நாலாம் நம்பரைத்தான் முதலில் வெட்டினாள். வலது கை இருபத்திரண்டே முக்கால். கத்தரி சாக்கட்டிக் கோட்டை விட்டு நூலளவும் விலகவில்லை. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து டீச்சர் கவுனுக்கு வந்து நின்றாள். டெய்லரம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இடுப்பைப் பிரித்துவிட்டுக் கொடுத்தாள். போட்டுப் பார்த்த டீச்சர், பார்த்தீங்களா, நான் சொன்னேன் இல்லையா, டேப்தான் கோளாறு என்று ஜெயித்த சந்தோஷத்தோடு போனாள்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். தலையை இழுத்துப் பின்னி, அம்மா தைத்த சாம்பல் நிற உடுப்பைப் போட்டு, கையில் ஃபைலோடு வாசலிலேயே நின்று கிளம்பலாமா என்றாள். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று சொல்லியே வளர்ந்தவள். போன வாரம்தான் காலேஜ் பாரத்தில் தகப்பனார் என்ற இடத்தில் முதல் தடவையாகக் காலமானார் என்று எழுதினாள். எழுதி அம்மாவிடம் காட்டிவிட்டு, குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை இப்போது எப்படிக் கலைப்பது?

பஸ்ஸில் டெய்லரம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். போடலாம். அவரே தன்னைச் செத்தவனாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இல்லாத அக்கறை எனக்கு எதற்கு? கையெழுத்தைப் போட்டுவிட்டு, லைனை வாங்கி, மோட்டாரைப் போட்டுத் தைத்துக்கொண்டு, என் பெண்ணைக் கரையேற்றுகிறேன். இப்படி நினைத்ததும் மனசு கல் மாதிரி ஆயிற்று. கல்லாகவே இருந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டாள்.

வக்கீல் ஆபீஸ் மாடியில் இருந்தது. முட்டி ஒவ்வொரு படிக்கும் கத்தியது. வக்கீல் கோர்ட்டில் இருந்து இன்னும் வரவில்லை, குமாஸ்தாதான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். நல்ல மனுஷர். பத்திரத்தை ஒரு தடவை மெதுவாக வாசித்துக் காட்டினார். இந்நாள்வரை அவரைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்ற வரி வந்தபோது நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெய்லரம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சும்மா" என்றார் குமாஸ்தா. "அங்க அடையாளம். மச்சம், தழும்பு, ஏதாவது இருந்தா சொல்லுங்க."

டெய்லரம்மா வாயைத் திறப்பதற்குள் பாப்பா சொன்னாள்.

"வலது கை கொஞ்சம் குட்டை. சின்னப் பிள்ளையில எனக்கு அந்தக் கை எட்டாது. அதனால எப்பவும் அப்பாவுக்கு இந்தப் பக்கமாத்தான் நடப்பேன்." சொல்லிக்கொண்டே, பக்கத்தில் யாரோ நிற்பது போல, தன் வலது கையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினாள்.

குமாஸ்தா எழுதப் போனார்.

"எழுதாதீங்க சார்" என்றாள் டெய்லரம்மா. பேனாவை மேஜையில் வைத்தாள். "அவர் இருக்காரு."

பாப்பா முதலில் சிரித்தாள். அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் மனசு வரவில்லை, பழைய நம்பிக்கை மறுபடி கிளம்பிவிட்டது என்று நினைத்த சிரிப்பு. ஏதோ தேற்றுவதற்காகத் தோளில் கை வைத்தாள். அப்புறம் ஜன்னலோரம் நின்ற அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"எங்கம்மா?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஃபேக்டரியில."

"அந்த வழியாத்தான் நான் தினம் காலேஜ் போறேன்."

டெய்லரம்மா தலையை ஆட்டினாள். அதை அவளும் பஸ்ஸில் நினைத்துப் பார்த்திருந்தாள்.

"அப்ப ஏம்மா வரல?"

ஏழு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. எங்கேயோ விழுந்து கிடந்திருப்பார், உயிர் போயிருக்கும், அதனால் வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறாள், தனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"தெரியலம்மா" என்றாள்.

பாப்பா அழவில்லை. ஃபைலை மூடிப் பைக்குள் வைத்தாள். அம்மாவைத் தாண்டி அத்தையைப் பார்த்து, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்றாள் நாத்தனார். சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். பாப்பா வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

குமாஸ்தா பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றால் நல்ல செய்திதானே, இந்தப் பெண்கள் ஏன் இப்படி இழவு வீட்டில் நிற்பதுபோல நிற்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப இதைக் கிழிச்சுடட்டுமாம்மா?"

டெய்லரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியில் மகள் இறங்கும் சத்தம் கேட்டது.

"வேண்டாம் சார்" என்றாள். "நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் வச்சிருங்க."